பாவத் தாள்களை வாங்கி வைத்த வாத்தியார்

பள்ளிகளில் மறைக்கல்விப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் தம்பி தங்கைகளே, கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளை ஆன்மிக முறையில் தயாரிப்பது எப்படி என்று அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். என்னுடைய ஆன்மா வழக்கமாக டிசம்பர் இருபத்தேழாம் தேதி வாக்கில்தான் தயாராகும். அதற்குள் வீட்டில் முறுக்கு டின் காலியாகியிருக்கும்.

ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன் நான். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் எந்த வாரம் எந்த நிற மெழுகுவர்த்தி ஏற்றுவது, குடிலில் ஒட்டகத்தை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கும். ஒரு பழுப்பு உறையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நான் பட்ட பாடு அதில் கிடைக்காது. அதனால் அதைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் நவம்பரில் பள்ளி மூடிவிடும். பிள்ளைகளின் ஆன்மா கோயிலின் பொறுப்பு, ஃபாதரின் பொறுப்பு. நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு பள்ளித் தவணை மாறி, டிசம்பர் முழுக்க வகுப்பு என்று ஆனது. போதாக்குறைக்கு அப்போது எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு கணக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். திருவருகைக் காலம் நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. எங்கள் பள்ளி துறவிகள் தொடங்கி, இப்போது அரசு நடத்துவது. அதில் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருபத்தேழு பேர். கத்தோலிக்க வாத்தியார் நான் ஒருவன்.

சிகாமட்டிலிருந்து ஃபாதர் போன் செய்தார்.

"சார், புதன்கிழமை ஸ்கூல் முடிஞ்சதும் ஒங்க சேப்பலுக்கு வந்து புள்ளைங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேக்கறேன். ஆனா மூணு மணிக்கு நான் கெளம்பிடணும். லாபிஸ்ல ஆளுங்க காத்திருப்பாங்க, அங்க முடிச்சுட்டு பாலோவுக்குப் போகணும்."

"தாராளமா வாங்க ஃபாதர். எல்லாம் ரெடியா இருக்கும்," என்றேன். போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் இருபத்தேழு பேர். ஆளுக்கு மூன்று நிமிடம். நம் பிள்ளைகளைத் தெரியுமே, உள்ளே போய் முழந்தாளிட்டு "அது வந்து ஃபாதர்... அது வந்து..." என்பதற்கே இரண்டு நிமிடம் ஆகும். மீதி ஒரு நிமிடத்தில் கடவுள் எத்தனை பாவத்தைத்தான் மன்னிப்பார்?

எனக்குப் படபடப்பு வந்தால் நான் ஜெபிக்க மாட்டேன். பயிற்சித் தாள் தயாரிப்பேன். இதிலும் அதையே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளி முடிந்ததும் இருபத்தேழு பேரையும் பள்ளிச் சிற்றாலயத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். கண்ணை மூடி யோசிக்கச் சொன்னேன். கடவுளுக்கு எதிராக, வீட்டாருக்கு எதிராக, பள்ளிக்கூடத்தில் மற்றவருக்கு எதிராகச் செய்ததை எழுதி நாலாக மடிக்கச் சொன்னேன். அது வரைக்கும் நல்ல காரியம். இதைப் பல கோயில்களில் செய்கிறார்கள்.

அடுத்துதான் நான் வாத்தியார் என்பதைக் காட்டினேன். தாளை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் புதன்கிழமை பாதிப் பேர் மறந்துவிட்டு வருவார்கள் என்று முப்பது வருட அனுபவம் சொன்னது. எல்லாத் தாளையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கும்போது மாறிப் போகக்கூடாது அல்லவா, அதனால் மடித்த தாளின் மேலே பெயரும் வகுப்பும் எழுதச் சொன்னேன்.

நிறுத்தி ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். இருபத்தேழு பிள்ளைகளின் பாவங்கள், அவரவர் கையெழுத்தில், பெயர் வகுப்போடு, அகர வரிசையில் அடுக்கி, ஒரு பழுப்பு உறையில். எந்தக் காவல் நிலையத்திலும் இவ்வளவு ஒழுங்கான கோப்பு இருக்காது. எனக்கு அப்போது அதில் தப்பே தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது காமாட்சி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பள்ளிக் கட்டொழுங்கு ஆசிரியை. நடந்து வந்தால் நடைபாதையில் இருக்கிற பிள்ளைகள் சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார்கள். இந்து, ஊர்க் கோயிலில் தேவாரம் பாடுகிறவர். எங்கள் கிறிஸ்துமஸ் ஒன்றுகூடலுக்குப் பாட்டுப் பழக்க ஆளில்லை என்று நான் புலம்பியபோது, "நான் வரேன் சார், பாட்டுன்னா பாட்டுதான்," என்று தானாக வந்தவர். எனக்குத் தாளமும் வராது, ராகமும் வராது. அவரை நான் தெய்வம்போல வரவேற்றேன்.

அதற்கு முந்தின வியாழக்கிழமைப் பயிற்சியில் ஓர் உச்ச சுரத்தில் அவர் குரல் உடைந்தது. இரண்டு நாளாக அவருக்குச் சளி. யாரோ ஒரு பிள்ளை அதை ஒளித்து வைத்திருந்த கைப்பேசியில் பதிவு செய்து, குரல் உடையும் இடத்தில் ஆடு கத்துகிற சத்தத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டது. வெள்ளி சனி விடுமுறைக்குள் அது ஊரைச் சுற்றி வந்தது. காய்கறிச் சந்தையில் கேட்டது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய மகனுக்கும் போய், "அம்மா, இது நீங்களா?" என்று அவன் கேட்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை சளிக்காக லீவு போட்டிருந்த டீச்சர் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தபோது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பயிற்சியில் இருந்தது எங்கள் இருபத்தேழு பேர் மட்டும்தான். எல்லோருடைய விரலும் ஒரே ஆளை நோக்கி நீண்டது. டோமினிக், நாலாம் படிவம், பதினாறு வயது. பிரின்சிபல் பேசுவதுபோல, ரயில் நிலைய அறிவிப்புபோல, ஏன் என்னைப் போலவும் குரல் மாற்றிப் பேசுகிறவன். ஏற்கெனவே இரண்டு முறை அவனிடமிருந்து கைப்பேசி பறிமுதல் ஆகியிருக்கிறது. கேட்டதற்கு, "நான் இல்ல டீச்சர்," என்று மட்டும் சொன்னான். அவன் சொன்னால் உண்மையும் நடிப்பாகத்தான் தெரியும். பிரின்சிபல் இடைநீக்கக் கடிதம் தயார் செய்யச் சொல்லிவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் கையெழுத்து. சிங்கப்பூரில் லாரி ஓட்டும் அவன் அப்பா கிறிஸ்துமஸ் லீவில் வரும்போது அந்தக் கடிதம்தான் அவரை வரவேற்கும்.

செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் என் மேசைக்கு வந்தார்.

"சார், ஒங்க புள்ளைங்க செஞ்ச தப்பெல்லாம் எழுதிக் கொடுத்துருக்காங்களாமே. ஒங்ககிட்ட இருக்காம்."

"அது வந்து டீச்சர்..."

"டோமினிக் பேப்பர மட்டும் பாருங்க. எங்கிட்டக் காட்ட வேணாம். நீங்க பாத்துட்டுத் தலைய ஆட்டுனாப் போதும். அவன் எழுதியிருந்தா லெட்டர் போகட்டும். எழுதலன்னா நானே பிரின்சிபல்கிட்டப் பேசி அவன விட்டுடச் சொல்றேன். நியாயந்தான?"

நியாயம்தான். அதுதான் சிக்கல். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அது கடவுளுக்கு எழுதியது, தொட முடியாது' என்று நிமிர்ந்து சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "அலமாரிச் சாவி வீட்ல இருக்கு டீச்சர்."

"ஒங்க கழுத்துல தொங்குதே, அது என்னா சார்?"

"இது... கார் சாவி."

டீச்சர் அதை உற்றுப் பார்த்தார். அலமாரிச் சாவியில் 'அலமாரி' என்று நானே ஒட்டி வைத்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "நான் ஒங்க புள்ளைங்களுக்காகத்தான் சார் பாடுனேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளலாம். முதலில் உறையை அலமாரியிலிருந்து எடுத்தேன். மாற்றுச் சாவி அலுவலகத்தில் இருக்கிறதே. காரில் மாற்றுச் சக்கரத்துக்கு அடியில் ஒளித்து வைத்தேன். காரை யாராவது திருடிவிட்டால்? இருபது வருடப் பழைய கார், இதுவரைக்கும் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அன்றைக்குப் பார்த்துத் திருடுவார்கள் என்று உறுதியாகத் தோன்றியது. உறையை எடுத்துச் சட்டைக்குள் வயிற்றோடு செருகிக்கொண்டு வரலாற்றுப் பாடம் நடத்தப் போனேன். பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மொறமொறவென்று சத்தம்.

"சார், ஒங்க வயித்துல ஏதோ சத்தம் கேக்குது," என்றாள் முன்வரிசைப் பெண்.

"கேஸ்டிரிக்," என்றேன்.

"அலமாக். பிளாஸ்டிக்க சாப்பிட்ட மாதிரி கேக்குது சார்."

இடைவேளையில் காருக்குள் போய் உட்கார்ந்தேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். டீச்சர் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். பார்த்தால் பையனைக் காப்பாற்றலாம். அவன் எழுதியிருக்க மாட்டான் என்று எனக்கு உள்ளூர நம்பிக்கை. நல்லதுக்காகத்தானே பார்க்கிறேன். இந்த 'நல்லதுக்காகத்தானே' என்கிற பேச்சு மனதில் எழும்போது உஷாராகிவிடுங்கள். நான் ஆகவில்லை. உறையைத் திறந்து, அவனுடைய தாளை எடுத்தேன். ஒரு மடிப்பைப் பிரித்தேன்.

இரண்டாவது மடிப்பில் விரலை நுழைத்தபோது பார்த்தேன், வியர்த்த என் பெருவிரல் பட்டு மேலே இருந்த பெயரின் மை கலங்கியிருந்தது. டோமினிக் என்ற பெயருக்கு மேல் என் ரேகை நன்றாகப் பதிந்திருந்தது. பிறர் வீட்டுக்குள் புகுந்தவன் விட்டுவிட்டுப் போகிற மாதிரி ரேகை. கூச்சமாக இருந்தது. மடித்து உள்ளே வைத்தேன். புனிதமான எண்ணம் ஏதும் வந்து என்னைத் தடுக்கவில்லை. என் கை அசிங்கமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். சில நாளில் மனிதனுக்கு அதுவே போதும்.

அங்கே உட்கார்ந்து ஒன்று புரிந்துகொண்டேன். உறை என்னிடம் இருக்கும்வரை யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். டீச்சர் கேட்பார், நாளைக்குப் பிரின்சிபல் கேட்பார், எல்லோரையும்விட அதிகமாக நான் கேட்பேன். கையில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று நமக்குரியது ஆகிவிடாது.

அன்றைக்குப் பள்ளி முடிந்ததும் இருபத்தேழு பேரையும் சிற்றாலயத்துக்கு வரச் சொல்லி, தாளை அவரவர் கையில் கொடுத்தேன். டோமினிக் கலங்கிய மையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தாளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

"இத நான் வாங்கி வெச்சிருக்கக் கூடாது," என்றேன். "தப்பு எம்மேல. இதுல என்னா இருக்குன்னு சிலர் கேட்டாங்க. நான் கொடுக்கல. இனிமே கொடுக்கறதுக்கு எங்கிட்ட ஒன்னும் இல்ல."

கதவைச் சாத்திவிட்டு வந்து தொடர்ந்தேன்.

"இன்னொன்னு. நாளைக்குச் சாயங்காலம் ஒருத்தன் பேர்ல லெட்டர் போகுது. அவன் செஞ்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஒங்கள்ல யாருக்கோ தெரியும். என்கிட்டச் சொல்ல வேணாம். நாளைக்கு ஃபாதர் வராரு. அவ்ளோதான்."

புதன்கிழமை காலை டீச்சரிடம் நானே போய்ச் சொன்னேன், தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று. அவர் கையில் இருந்த பேனாவை மூடினார்.

"அப்ப அந்தப் பையன் வெளிய போறதுதான் ஒங்களுக்குச் சரின்னு படுதா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன?"

 சரியானதைச் செய்தவனுக்கு முகத்தில் ஒரு தெளிவு வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடினேன்.

மத்தியானம் ஃபாதர் வந்தார். சிற்றாலயத்தின் பக்க அறையில் அவர் உட்கார, பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான் வாசலில் நின்று வரிசையை நகர்த்தினேன். டோமினிக் போனான், வந்தான். பெஞ்சில் முழந்தாளிட்டு, பாவத்துக்கு அபராதமாக ஃபாதர் சொல்லச் சொன்ன ஜெபத்தைச் சொன்னான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் பார்க்கவும் கூடாது என்று கூரையைப் பார்த்தேன்.

செலின் போனாள். ஐந்தாம் படிவம். திருப்பலியில் வாசகம் வாசிப்பவள். எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள். அவளைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை. மூன்று நிமிடம் ஐந்தாயிற்று, ஐந்து எட்டாயிற்று. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து லாபிஸ் மக்களுக்காகக் கவலைப்பட்டேன். வெளியே வந்தவள் பெஞ்சுக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"சார், காமாட்சி டீச்சர் இன்னும் ஸ்கூல்ல இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"என்கூட வாங்க சார்." இரண்டு எட்டு நடந்துவிட்டு நின்றாள். "ஆனா உள்ள வராதீங்க."

வரிசையை டோமினிக்கிடம் ஒப்படைத்துவிட்டு அவளோடு நடந்தேன். வழி முழுக்க நான் வாய் திறக்காமல் வந்ததும் அன்று நடந்த அற்புதங்களில் ஒன்று. டீச்சரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.  பிறகு டீச்சரின் குரல். அது உடையவில்லை, பள்ளி முழுக்கக் கேட்டது. "வீட்ல அம்மா இருக்காங்கல்ல?" "அவங்களுக்கு இப்படிச் செய்வியா?" இப்படிப் பத்து நிமிடம்.  பிறகு யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம். யார் என்று தெரியவில்லை.

செலின் வெளியே வந்து சிற்றாலயத்துக்கு ஓடினாள். பின்னாலேயே டீச்சர் வந்தார். கண் சிவந்திருந்தது.

"எடுத்தது அந்தப் புள்ளதான். ரெண்டு ஃபிரண்டுக்குத்தான் அனுப்புச்சாம். ஆட்டுச் சத்தமும் அதே போட்டதுதான். லெட்டர நிறுத்தச் சொல்லப் போறேன்." ஓரடி போய்த் திரும்பினார். "அதோட பேப்பர்ல இது இருந்துச்சா சார்?"

"தெரியாது டீச்சர்."

"நெஜமாவே பாக்கலியா?"

"அதோடத பாக்கல."

அந்த 'அதோடத' அவர் காதில் விழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கட்டொழுங்கு ஆசிரியையாக அவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. "கெட்ட புள்ள," என்றார், செலினைத்தான். "ஆனா தானா வந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் பிரின்சிபல் அறைக்கு நடந்தார். செலின் பிரின்சிபல் முன்னிலையில் மன்னிப்புக் கடிதம் எழுதினாள். ஆலோசனை வகுப்புக்குப் போனாள். டீச்சர் ஒன்றுகூடலுக்கு வந்தார், பலகாரம் சாப்பிட்டார், பாடவில்லை. கேட்டதற்கு, "இந்த வருஷம் வேணாம் சார்," என்றார். நான் வற்புறுத்தவில்லை. மன்னித்துவிட்டதாலேயே ஒருவர் பாடியாக வேண்டும் என்று கட்டாயமா?

நான் சிற்றாலயத்துக்குத் திரும்பியபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம். பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். ஃபாதர் கழுத்துப்பட்டையை மடித்துக்கொண்டிருந்தார். நான் போய் முழந்தாளிட்டேன்.

"சுருக்கமா, சார்," என்றார்.

பாவசங்கீர்த்தனத்தில் அவர் கேட்டதை அவர் சொல்லக்கூடாது. நான் சொன்னதை நான் சொல்லலாம். ஒரு பிள்ளையின் தாளைப் பிரித்தேன் என்று சொன்னேன்.

"படிச்சீங்களா?"

"இல்ல ஃபாதர். ஒரு மடிப்போட நிறுத்திட்டேன்."

"ஒரு மடிப்புதானா?"

"ஒன்றரை."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் தலை குனிந்திருந்தேன். மூன்று முறை 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் புள்ளைகிட்டப் போய் நீங்களே சொல்லிடுங்க. அதான் ஒங்க அபராதம்," என்றார். ஐம்பது மணி ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். மாணவனிடம் வாத்தியார் மன்னிப்புக் கேட்பதற்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் பாடம் நடத்தியதில்லை.

வியாழக்கிழமை இடைவேளையில் டோமினிக்கைப் பிடித்தேன். கேண்டீனுக்குப் பின்னால் மீ கோரெங் தின்றுகொண்டிருந்தான்.

"டேய், ஒரு விஷயம். ஒன்னோட பேப்பர நான் பிரிக்கப் பாத்தேன். படிக்கல. ஆனா பிரிக்கப் பாத்தேன். தப்புதான். மன்னிச்சுக்க."

அவன் மென்றுகொண்டே என்னைப் பார்த்தான்.

"தெரியும் சார். ஒங்க கட்டவிரல் இருந்துச்சே."

"ஏன் லா அப்பவே கேக்கல?"

"கேட்டா என்னா ஆகப் போகுது. படிச்சிருந்தாலும் ஒன்னும் இல்ல சார். அது வெறும் பேப்பர். நான் ஒன்னுமே எழுதல."

 நான் இரண்டாவது மடிப்பையும் பிரித்திருந்தால் வெற்றுத் தாளைப் பார்த்திருப்பேன். குற்றம் எழுதவில்லை, ஆகவே நிரபராதி என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். எவ்வளவு அழுத்தக்காரன், ஒரு பொய்கூட எழுதாமல் மறைக்கிறான் பார், இவன்தான் என்று முடிவு கட்டியிருப்பேன். காமாட்சி டீச்சரிடம் போய், மிகுந்த வருத்தத்தோடு, தலையை ஆட்டியிருப்பேன். அவனைக் காப்பாற்றுவதற்காகப் பார்க்கிறேன் என்றுதானே காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்டா எழுதல?"

"எழுதச் சொல்றப்பவே தெரியும் சார், நீங்க வாங்கி வெச்சுக்குவீங்கன்னு. பேரு, வகுப்பு வேற."

"அப்ப ஃபாதர்கிட்டப் போய் என்னாதான் சொன்ன?"

டோமினிக் தட்டைக் கீழே வைத்தான். என் குரலில் அல்ல, பிரின்சிபல் குரலில் அல்ல, தன் சொந்தக் குரலில், மரியாதையாகவே கேட்டான்:

"அது எதுக்கு சார் ஒங்களுக்கு?"

தம்பி தங்கைகளே, செவ்வாய்க்கிழமை காலையில் காமாட்சி டீச்சரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. முப்பது வருட சர்வீஸில் எனக்கு அது தோன்றவில்லை. நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.